இணையத்தில் ஆட்சி நடத்தும் ஆட்டங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து சேரப்போகிறவர்களுக்கு

இந்த ஆட்டங்களில் துப்பாக்கி இல்லை, கார் ஓட்டம் இல்லை, கண்ணைப் பறிக்கும் படமும் இல்லை. பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சிக் கொறடா என்று ஒரு பதவியைப் பிடித்துக்கொண்டு சட்டமூலம் எழுதுவது, வாக்குச் சேர்ப்பது, கூட்டணி கட்டுவது, பிறகு அந்தக் கூட்டணியையே கவிழ்ப்பது. எல்லாம் எழுத்தில்தான் நடக்கும். பள்ளிக்கூடத்தில் மாணவர் பாராளுமன்றத்தில் இருந்தவர்களுக்கும், தேர்தல் இரவில் விருப்பு வாக்கு முடிவு வரும்வரை கண்முழித்திருக்கிற நம் ஊர் ஆட்களுக்கும் அரசியலைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனாலும் நம் பக்கத்திலிருந்து சேருகிறவர்களில் கனபேர் தொடக்கத்திலேயே கழன்றுவிடுகிறார்கள். அரசியல் தெரியாததால் அல்ல. ஒருவருக்குக் கணக்கு முடக்கப்படும். இன்னொருவரின் குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வரும். வேறொருவர் வாக்களிக்க வரும்போது நேரம் முடிந்திருக்கும். நானும் இந்தச் சுற்றையெல்லாம் சுற்றித்தான் உள்ளே போனேன், கேட்க ஒரு ஆள் இருக்கவில்லை. அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த ஆட்டம் என்று முதலில் தீர்மானியுங்கள்

முதல் வகை, நாடு நடத்தும் ஆட்டம். இதில் பெரியது நேஷன்ஸ்டேட்ஸ். மேக்ஸ் பேரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 2002 நவம்பரில் தொடங்கியது, இன்றும் இலவசம். உங்களுக்கென்று ஒரு நாடு, அதற்கு அன்றாடம் வரும் சிக்கல்கள், அவற்றுக்கு நீங்கள் எடுக்கும் முடிவுகள். இது மேலோட்டம்தான். உண்மையான அரசியல் நாடுகள் கூடி அமைத்த பிராந்தியங்களில் நடக்கிறது. அங்கே அரசியலமைப்பு உண்டு, தேர்தல் உண்டு, நீதிமன்றம் உண்டு, சதிப்புரட்சியும் உண்டு.

இரண்டாவது, மாதிரிப் பாராளுமன்றம். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் 2014இல் தொடங்கிய பிரித்தானிய மக்கள் சபையின் மாதிரி இதற்கு நல்ல உதாரணம். கட்சியில் சேர வேண்டும், சட்டமூலம் எழுத வேண்டும், விவாதிக்க வேண்டும், பிரதமரிடம் கேள்வி கேட்க வேண்டும். ஆங்கிலம் ஓடவேண்டும்.

மூன்றாவது, டிஸ்கோட் என்ற அரட்டைச் செயலியில் நண்பர்கள் கூடி நடத்தும் சின்னச் சபைகள். ஒரு கற்பனை நாடு, பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு நடுவர். தமிழில் ஆடவேண்டுமானால் அனேகமாக இதுதான் வழி. அதையும் நீங்களேதான் தொடங்க வேண்டியிருக்கும். அது 8ஆம் படியில் வருகிறது.

இவை தவிர பொலிடிக்ஸ் அண்ட் வோர், ஈரிபப்ளிக் போன்றவையும் உண்டு. அவற்றில் உண்மைக் காசு கொடுத்து ஆட்டத்துக்குள் பலம் சேர்க்கலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. அரசியலில் காசின் விளையாட்டைப் பார்க்க நாம் இணையத்துக்குப் போகத் தேவையில்லை.

புதியவர் என்றால் நேஷன்ஸ்டேட்ஸில் தொடங்குங்கள். ஆறுதலாகப் பழகலாம், ஒரு கிழமை எட்டிப்பார்க்காவிட்டாலும் குடி முழுகாது.

2. கணக்கும் அடையாளமும்: அதிகம் பேர் விழும் குழி இதுதான்

இந்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் மிகப் பெரிய குற்றம், ஒரே ஆள் இரண்டு முகத்தோடு வந்து இரண்டு வாக்குப் போடுவது. அதனால் பல இடங்களில், யார் யார் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்புக்குக் கிடைக்கும் இலக்கம்) வருகிறார்கள் என்று நடத்துநர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நமக்கு வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது.

நம்மில் பலர் மொபைல் டேட்டாவில்தான் இருக்கிறோம். மொபைல் கம்பனிகள் ஒரே ஐ.பி. முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஓட்டமாவடியில் ஒருவர், அக்கரைப்பற்றில் இன்னொருவர், ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரியலாம். ஒரே வீட்டில் ஒரே வைஃபையில் அண்ணனும் தம்பியும் ஆடினால் சந்தேகம் இன்னும் கூடும். கொமினிகேஷன் கடைக் கணினியில் உள்ளே போனாலும் இதே கதை.

செய்ய வேண்டியது இது. சேரும் அன்றே, யாரும் கேட்பதற்கு முன், நடத்துநருக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதிவிடுங்கள்: "நான் இலங்கையிலிருந்து மொபைல் இணைப்பில் வருகிறேன், என் ஐ.பி. முகவரி பலரோடு பகிரப்படுவது. என் சகோதரரும் இதே வீட்டிலிருந்து ஆடுகிறார், அவருடைய பெயர் இது." சந்தேகம் எழுந்த பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும். முன்கூட்டிச் சொன்னால் பதிவாகி இருக்கும். அண்ணன் தம்பி ஒரே போனில் மாறி மாறி உள்ளே போவதை மட்டும் செய்யாதீர்கள். அதை எந்தக் குறிப்பும் காப்பாற்றாது.

அடுத்தது வி.பி.என்., அதாவது நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மறைக்கும் செயலி. 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோது ஊரில் எல்லோரும் போனில் வி.பி.என். செயலி இறக்கினோம். பலருடைய போனில் அது இன்னும் கிடக்கிறது, சிலருக்குத் தானாகவே ஓடிக்கொண்டும் இருக்கிறது. பிராந்தியங்களின் குடியுரிமைச் சோதனையில் வி.பி.என். வழியாக வந்த விண்ணப்பத்தைக் கண்டால் பல இடங்களில் கதையே கேட்கமாட்டார்கள், நிராகரிப்புத்தான். விண்ணப்பிக்கும் முன் அதை நிறுத்துங்கள், முடிந்தால் அழித்தே விடுங்கள்.

மின்னஞ்சல் ஒன்றைப் புதிதாக, இதற்கென்றே திறந்துகொள்ளுங்கள். வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்த முகவரி வேண்டாம். டிஸ்கோட்டின் சில சர்வர்கள் (அங்கே ஒரு குழுவின் இடத்துக்கு அதுதான் பெயர்) தொலைபேசி எண்ணை உறுதிசெய்யச் சொல்லும். +94 போட்டு உங்கள் சொந்த சிம் இலக்கத்தைக் கொடுங்கள். ஒரு இலக்கத்தை ஒரு நேரத்தில் ஒரு கணக்கோடுதான் இணைக்கலாம், அதனால் வாப்பாவின் போனிலோ அம்மாவின் போனிலோ ஏற்கெனவே கணக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயது குறைந்தது 13 ஆகியிருக்க வேண்டும்.

உண்மைப் பெயர், ஊர், பள்ளிக்கூடம், அடையாள அட்டை எண் எதையும் எங்கும் எழுதத் தேவையில்லை. எந்த ஆட்டமும் அடையாள அட்டைப் படம் கேட்கக் கூடாது. கேட்டால் அது ஆட்டமில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

3. நாட்டைத் தொடங்குவது

பெயரை யோசித்து வையுங்கள். ஆங்கில எழுத்தில்தான் எழுதலாம், ஒருமுறை வைத்தால் மாற்ற முடியாது. கொடி, குறிக்கோள் வாசகம், நாணயம் எல்லாம் பிறகு மாற்றலாம். ஊர்ப் பெயரை நாட்டுக்கு வைக்க ஆசை வரும், ஆனால் சண்டை வரும்போது அந்தப் பெயரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடு பிறந்ததும் உங்களை அனேகமாக ஒரு பெரிய பிராந்தியத்தில் கொண்டுபோய் விடும். பசிபிக் என்ற பெயர் கொண்ட ஐந்து பிராந்தியங்கள் இதற்கென்றே இருக்கின்றன. அடுத்த சில நிமிடங்களில் டெலிகிராம்கள் வந்து குவியும் (ஆட்டத்துக்குள் கடிதத்துக்கு அதுதான் பெயர்). எல்லாம் "எங்கள் பிராந்தியத்துக்கு வாருங்கள், பதவி தருகிறோம்" என்கிற அழைப்புகள். தேர்தல் காலத்து நோட்டீஸ் எப்படி வாசிப்பீர்களோ அப்படி வாசியுங்கள். வந்த அன்றைக்கே அமைச்சர் பதவி தருகிற பிராந்தியத்தில் அனேகமாக உங்களையும் அழைத்தவரையும் தவிர ஆளே இருக்காது. நீங்கள் இறங்கிய பெரிய பிராந்தியத்திலேயே சில கிழமை இருந்து வேடிக்கை பாருங்கள். தேர்தல், விவாதம், கோள்மூட்டல் எல்லாம் அங்கே தாராளம்.

அப்புறம் உலக மன்றம், ஆட்டத்துக்குள் எல்லாப் பிராந்தியங்களுக்கும் பொதுவான சபை. அதில் சேர்ந்தால்தான் அதிகாரம். ஒரு ஆள் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், உலக மன்றத்தில் மட்டும் ஒன்றுதான் இருக்கலாம். இதை மீறுகிறவர்களை அங்கே விட்டுவைப்பதில்லை. விண்ணப்பித்தால் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வரும், அதை அழுத்தினால் உறுப்பினர். மின்னஞ்சல் வராவிட்டால் குப்பை அஞ்சல் பெட்டியைப் பாருங்கள்.

உறுப்பினரானதும் அதே பிராந்தியத்தின் மற்ற உறுப்பினர்கள் உங்களை ஆமோதிக்கலாம், நீங்களும் அவர்களை ஆமோதிக்கலாம். யாருக்கு ஆமோதிப்பு அதிகமோ அவர் பிராந்தியப் பிரதிநிதி. உலக மன்ற வாக்கெடுப்பில் அவருடைய வாக்கின் எடை, அவருக்கு எத்தனை ஆமோதிப்போ அதற்கு ஒன்று கூட. பெரிய பிராந்தியங்களில் பிரதிநிதிக்கு ஆட்களை வெளியேற்றும் அதிகாரமும் உண்டு. இங்கேதான் சதிப்புரட்சி முளைக்கிறது. சட்டப்படி தெரிவான பிரதிநிதியை விட இன்னொருவர் சத்தமில்லாமல் ஆமோதிப்பைக் கூட்டிக்கொண்டே போவார், ஒருநாள் கதிரையில் அவர் இருப்பார். அதனால் ஒவ்வொரு பெரிய பிராந்தியமும் "இத்தனை ஆமோதிப்புக்கு மேல் வைத்திருக்காதே" என்று உச்ச வரம்பு போடுவதுண்டு. புதியவர்கள் ஆர்வத்தில் எல்லோரையும் ஆமோதித்து, பதிலுக்கு வாங்கி, வரம்பைத் தாண்டிவிட்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்குவார்கள். வந்த அன்றே வரம்பு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்.

4. குடியுரிமை விண்ணப்பம்

நாடு அந்தப் பிராந்தியத்தில் இருப்பது வேறு, நீங்கள் அதன் குடிமகனாக இருப்பது வேறு. வாக்கும் வேட்புமனுவும் குடிமக்களுக்குத்தான். பெரும்பாலான இடங்களில் தேவைப்படுவது இவ்வளவு: உங்கள் நாட்டின் பெயர், உலக மன்றத்தில் இருக்கும் நாட்டின் பெயர், இதற்கு முன் பயன்படுத்திய பெயர்கள், வேறு பிராந்தியங்களில் குடியுரிமையோ பதவியோ இருந்தால் அதன் விவரம், டிஸ்கோட் பெயர், ஓர் உறுதிமொழி.

வேறு பிராந்தியம் பற்றிய கேள்வியில்தான் தகராறு வரும். "சும்மா ஒரு நாடு அங்கேயும் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டுமா" என்று விட்டுவிடுவார்கள். சொல்லுங்கள். இரண்டு இடத்தில் இருப்பது அனேகமாகக் குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம். உளவாளி என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் உரித்தெடுக்க முடியாது.

உறுதிமொழியைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுத வேண்டும். உங்கள் நாட்டின் பெயரைப் போடவேண்டிய இடத்தில் வெற்றிடக் கோட்டையே விட்டு அனுப்பியதற்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்களைக் கண்டிருக்கிறேன். பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பிப் பழகிய நமக்கு இது புதிதில்லை.

போனில் ஒரு குறிப்புக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பெயரில் எங்கே விண்ணப்பித்தேன், எந்தத் தேதி, என்ன பதில். விண்ணப்பம் ஏற்கப்பட்ட செய்தியையும் அதில் ஒட்டி வையுங்கள். பிறகு தேர்தலில் நிற்கும்போது "குடிமகனாகி இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும்" என்று ஒரு விதி வரும், அன்றைக்கு இந்தக் கோப்புத்தான் கைகொடுக்கும்.

5. நேரக் கணக்கு

இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும். நேஷன்ஸ்டேட்ஸில் பிரதிநிதி மாறுவதும் ஆமோதிப்பு கணக்கில் ஏறுவதும் நாளுக்கு இரண்டு முறை நடக்கும் புதுப்பிப்பில்தான். பெரியது அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவில் தொடங்குகிறது, சின்னது அங்கே நண்பகலில். நமக்கு அது காலை 9.30, இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு தொடக்கம் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றி வைப்பதால் 10.30 ஆகிவிடும். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் இந்த ஒரு மணி நேரம் ஆண்டுக்கு இரண்டு தடவை நம்மை ஏமாற்றும்.

பிரித்தானிய நேரத்தில் நடக்கும் சபையென்றால், அங்கே இரவு 10 மணிக்கு வாக்கு முடிகிறது என்றால் நமக்குக் கோடையில் மறுநாள் அதிகாலை 2.30, மற்றக் காலத்தில் 3.30. முழித்திருக்கத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாக்கைப் போட்டுவிட்டுப் படுங்கள்.

உலக மன்றத் தீர்மானங்களுக்கு நான்கு நாள் அவகாசம் உண்டு, அது தாராளம். பிராந்தியத் தேர்தல்களில் அப்படியில்லை: வேட்புமனுவுக்குச் சில நாள், பிரசாரத்துக்குச் சில நாள், வாக்குக்குச் சில நாள் என்று ஓடிவிடும். வேட்புமனு திறக்கும் தேதியைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள்.

28 நாள் உள்ளே வராவிட்டால் உங்கள் நாடு இல்லாமல் போய்விடும். அமைப்புகளில் (செட்டிங்ஸ்) விடுமுறை நிலை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் 60 நாள் தாங்கும். உயர்தரப் பரீட்சைக்கு இருக்கிறவர்கள் இதைப் போடாமல் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். (போட்ட பிறகும் எட்டிப்பார்க்கிற ஆட்களைத் தெரியும். அது வேறு வருத்தம்.)

பதவியில் இருந்தால் விடுப்புக் குறிப்பு கட்டாயம். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, நோன்பு மாதத்து இரவுகள், பெருநாள், வேளாண்மை வெட்டு என்று நமக்கு ஆளில்லாத காலங்கள் உண்டு. ஒரு கனடாக்காரருக்கு இது விளங்காது, நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு வரி போதும்: எந்தத் தேதி முதல் எது வரை இல்லை, என் இடத்தில் யார்.

ஒரு தமிழ்ச் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். நம்பிக்கையில்லாப் பிரேரணை, வாக்கு இரவு 9 மணிக்கு முடிவு. ஆளும் கட்சியின் கொறடா ஆரையம்பதியில் இருந்தார். எட்டரைக்குக் கரண்ட் போய், ரவுட்டர் அணைந்து, போனில் டேட்டாவும் தீர்ந்துவிட்டது. அவர் தன் வாக்கை நண்பருக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினார், நண்பர் அதைப் படம்பிடித்துச் சபையில் போட்டார். சபாநாயகர் விதியைத் திறந்து பார்த்தார்: "வாக்கு உறுப்பினரின் சொந்தக் கணக்கிலிருந்து, வாக்கெடுப்பு அறையில் மட்டும்." ஒரு வாக்கில் அரசாங்கம் கவிழ்ந்தது. கொறடா ஒரு கிழமைக்கு யாரோடும் கதைக்கவில்லை. பதில் ஆளை நியமிக்க அதே விதிப்புத்தகத்தில் இடம் இருந்தது, ஆனால் அந்தக் கடிதம் வாக்கு தொடங்குவதற்கு முன் போயிருக்க வேண்டும்.

6. செலவு

நுழைவுக் கட்டணம் எதுவுமில்லை. நேஷன்ஸ்டேட்ஸில் காசு கொடுத்து வாங்கும் சில வசதிகள் உண்டு, தேவையில்லை. டிஸ்கோட்டின் கட்டணச் சந்தாவும் தேவையில்லை. எழுத்து மட்டும் என்றால் டேட்டா மிகக் கொஞ்சம். டிஸ்கோட்டில் குரல்வழிக் கூட்டம் சாதாரணத் தரத்தில் ஓடினால், ஒருவர் பேசும்போது மணிக்கு 30 மெகாபைட் அளவில் போகும், பலர் ஒரே நேரத்தில் கத்தினால் கூடும். கேமராவைப் போட்டால்தான் ரீலோட் பறக்கும், போடாதீர்கள். பதவி வாங்கித் தருகிறேன், வாக்குச் சேர்த்துத் தருகிறேன் என்று உண்மைக் காசு கேட்கிறவர் எந்தச் சபையில் இருந்தாலும் அவரை நடத்துநரிடம் சொல்லுங்கள்.

7. பாத்திரமும் நீங்களும்

மாதிரிப் பாராளுமன்றங்களில் உங்கள் பாத்திரத்துக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு கேட்பார்கள். அரைப் பக்கம் போதும். வயது, தொழில், எந்தத் தொகுதி, என்ன கொள்கை, ஒரு பலவீனம். பலவீனத்தை விட்டுவிடாதீர்கள். நடுவர் கதை நகர்த்துவது அதை வைத்துத்தான். பத்துப் பட்டம், மூன்று மொழி, ஊழலே தெரியாதவர் என்று எழுதினால் உங்களை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள் மூலையில் கிடப்பீர்கள்.

உரைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி ஒட்டுவதைப் பல சபைகள் விரும்புவதில்லை, சில இடங்களில் தடையே உண்டு. ஆங்கிலம் தடுமாறினாலும் சொந்தமாக எழுதுங்கள். நாலு வரியில் எழுதிய கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாற்பது வரி மொழிபெயர்ப்பை யாரும் வாசிப்பதில்லை.

ஆட்டத்துக்குள் தெரிந்தது வேறு, ஆட்டத்துக்கு வெளியே தெரிந்தது வேறு. எதிர்க்கட்சித் தலைவர் உங்கள் வகுப்புத் தோழனாக இருக்கலாம். ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது அவன் உளறிய திட்டத்தை எடுத்து இரவு சபையில் போட்டால் அது ஆட்டமில்லை, காட்டிக்கொடுப்பு. பல இடங்களில் தண்டனையும் உண்டு. ஆட்டத்துக்குள்ளேயே அவன் எழுதி அனுப்பிய இரகசியக் கடிதத்தைக் கசியவிட்டால் அது அரசியல், அதற்கு அவன் கோபப்படக் கூடாது. இந்தக் கோட்டை இரண்டு பேரும் முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஊரில் நாமே ஒரு சபை தொடங்குவதானால்

தமிழில் ஆட ஆசையென்றால் பன்னிரண்டு பேர் வரை சேருங்கள். கல்முனையிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் தெரிந்தவர்கள் கலந்து இருந்தால் நல்லது. ஒரே வகுப்பு ஆட்களாக இருந்தால் முதல் நாளே எல்லோரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் நடுவர், ஒருவர் சபாநாயகர். இந்த இரண்டு பேரும் வாக்குக் கேட்கக் கூடாது.

வட்ஸ்அப் குழுவில் நடத்தப் பார்க்காதீர்கள். சட்டமூலம், வாழ்த்துப் படம், நாளைக்கு மழை வருமா எல்லாம் ஒரே குவியலாகிவிடும். டிஸ்கோட்டில் அறை அறையாகப் பிரிக்கலாம்: விவாதம், வாக்கெடுப்பு, வர்த்தமானி, ஒவ்வொரு கட்சிக்கும் பூட்டிய அறை, ஆட்டத்துக்கு வெளியே அரட்டை.

ஆட்களைச் சேர்க்கும் முன் அரசியலமைப்பை எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: நிறைவெண் (சபை கூடக் குறைந்தது இருக்க வேண்டிய ஆட்கள்) எத்தனை, வாக்கு எந்த அறையில், எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், சமமாக வந்தால் என்ன, சபாநாயகர் இல்லாவிட்டால் யார், அரசியலமைப்பைத் திருத்த எத்தனை வாக்கு. நம் பாராளுமன்றத்தில் 225 பேருக்கு நிறைவெண் 20, சாதாரணப் பெரும்பான்மை 113, மூன்றில் இரண்டு 150. அந்த விகிதங்களை எடுத்துச் சுருக்கிக்கொள்ளலாம், நிறைவெண்ணை மட்டும் கூட்டி வையுங்கள். பன்னிரண்டு பேர் சபையில் ஒரே ஆள் வந்து சட்டம் நிறைவேற்றுவதைப் பார்க்க வேண்டாம்.

கட்சி மாறினால் ஆசனம் போகுமா, இருக்குமா என்பதையும் எழுதுங்கள். இதை எழுதாத சபைகள் எல்லாம் முதல் மாதத்திலேயே சண்டையில் முடிந்ததைத்தான் பார்த்தேன். என் விருப்பம், ஆசனம் இருக்கட்டும், ஆனால் அடுத்த தேர்தல் வரை அமைச்சர் பதவி கிடையாது என்று வைப்பது. தாவலும் நடக்கும், விலையும் இருக்கும்.

இனித் தேர்தல். நாட்டில் நடக்கிற முறையையே எடுத்தால் எல்லோருக்கும் விளங்கும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம், திகாமடுல்லைக்கு (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) 7. 5 ஆசனத்தை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். செல்லுபடியான வாக்கு 100 என்று வையுங்கள்: களப்புக் கட்சி 42, வயல் முன்னணி 31, தென்னை ஐக்கியம் 23, சுயேச்சை 4.

முதலில் 5 சதவீதத்துக்குக் குறைந்தவர் வெளியே, சுயேச்சை போய்விட்டது. மீதி வாக்கு 96. அதிக வாக்குப் பெற்ற களப்புக் கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. மிஞ்சிய 4 ஆசனத்தால் 96ஐ வகுத்தால் 24. களப்புக் கட்சிக்கு ஒரு 24, மீதி 18. வயலுக்கு ஒன்று, மீதி 7. தென்னைக்கு முழு ஆசனம் இல்லை, மீதி 23. இன்னும் இரண்டு ஆசனம் இருக்கிறது, பெரிய மீதிக்காரர்களுக்கு அது போகும்: தென்னைக்கு ஒன்று, களப்புக்கு ஒன்று. முடிவு 3, 1, 1.

பாருங்கள், 42 வாக்கில் ஒரு கட்சி தனியாக ஆட்சி அமைத்துவிட்டது. ஆட்டம் அதோடு செத்துப்போகும், மற்ற இரண்டு பேரும் இரண்டு கிழமையில் வராமல் விடுவார்கள். போனஸ் ஆசனத்தை எடுத்துவிட்டு அதே வாக்கை எண்ணுங்கள். 96ஐ 5ஆல் வகுத்து மேலே முழுமையாக்கினால் 20. களப்புக்கு 2, மீதி 2. வயலுக்கு 1, மீதி 11. தென்னைக்கு 1, மீதி 3. கடைசி ஆசனம் வயலுக்கு. முடிவு 2, 2, 1. இப்போது 23 வாக்கு வாங்கிய தென்னைக்காரர்தான் ராஜா. இரண்டு பக்கத்திலிருந்தும் அவருக்கு அழைப்பு வரும், அமைச்சுக் கேட்பார், அடுத்த மாதம் மனம் மாறுவார். சின்னச் சபைக்குப் போனஸ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த விதி நிலையான அரசாங்கம் வரட்டும் என்று வைத்தது, நமக்கு நிலையான அரசாங்கம் தேவையில்லை.

அந்த 100 வாக்கு எங்கிருந்து வரும்? பன்னிரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே போட்டால் அது தேர்தலில்லை. நடுவர் ஒவ்வொரு கட்சியின் வேலையையும் பார்த்து வாக்கைப் பகிர வேண்டும்: எத்தனை சட்டமூலம், எத்தனை கேள்வி, உரையின் தரம், துண்டுப்பிரசுரம். எதற்கு எத்தனை புள்ளி என்பதைத் தேர்தலுக்கு முன்பே வெளியிடுங்கள், முடிவோடு சேர்த்துக் கணக்குத் தாளையும் போடுங்கள். போடாவிட்டால் வாக்குமோசடிக் கதை கிளம்பும், அதுவும் நம் ஊரில்.

வெளியார் வாக்குப் போடட்டும் என்று கூகுள் படிவம் வைப்பவர்களும் உண்டு. வைத்தால் மின்னஞ்சல் உள்நுழைவைக் கட்டாயமாக்கி, ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்துங்கள். வெறும் இணைப்பை அனுப்பினால் யாராவது ஒரு மச்சான் இரவெல்லாம் இருந்து குத்தித் தள்ளுவார்.

ஓர் ஆட்டம் எட்டு முதல் பத்துக் கிழமைக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. முதல் கிழமை கட்சிப் பதிவு, இரண்டாம் கிழமை பிரசாரம், மூன்றாம் கிழமை தேர்தல், மிச்சம் சபை. கிழமைக்கு இரண்டு சட்டமூலம் போதும்.

9. சபைத் தாள்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். நன்றாக ஆடுகிற சபையில் வர்த்தமானி வரும், அவசரகாலப் பிரகடனம் வரும், எரிபொருள் விலை அறிவிப்பு வரும். யாரோ ஒருவர் அழகுக்காக மேலே அரச இலச்சினையைப் போடுவார். இன்னொருவர் அதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் சிரிப்புக்குப் போடுவார். ஒரு மணி நேரத்தில் அது எங்கோ ஒரு பெட்ரோல் ஷெட் வரிசையில் உண்மையாக நிற்கும்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பரப்புவது பற்றியது. விளையாட்டு என்று சொல்லித் தப்பலாம் என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம். அரச இலச்சினை, உண்மையான அமைச்சின் பெயர், உண்மையான அரசியல்வாதியின் பெயர், உண்மைக் கட்சிச் சின்னம் எதையும் பயன்படுத்தாதீர்கள். நாடே கற்பனையாக இருக்கட்டும், விலை ரூபாவில் வேண்டாம், வேறு நாணயம் வையுங்கள். ஒவ்வொரு தாளின் குறுக்கேயும் பெரிதாக "விளையாட்டு" என்று எழுதுங்கள். மூலையில் போட்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள், எழுத்தின் மேலேயே ஓடட்டும். இனம், மதம் சார்ந்த கலவரத்தைக் கதையாக்குவதையும் நம் மாவட்டங்களில் விட்டுவிடுங்கள். மீன்பிடித் துறைமுகம், நெல் விலை, யானை வேலி, பஸ் கட்டணம் என்று சண்டை பிடிக்க விஷயம் நிறைய இருக்கிறது.

உண்மைத் தேர்தல் நாட்டில் அறிவிக்கப்பட்டால் உங்கள் தேர்தலைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு முடிவுகளும் ஒரே போனில் ஒரே கிழமையில் சுற்றுவது நல்லதில்லை.

10. விலகும்போது

சும்மா காணாமல் போகாதீர்கள். பதவி விலகல் கடிதம் ஒன்றை ஆட்டத்துக்குள் எழுதுங்கள், உங்களிடம் இருக்கும் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். நேஷன்ஸ்டேட்ஸில் பிரதிநிதியாக இருந்தால், அடுத்தவருக்கு ஆமோதிப்பு சேரும்வரை உலக மன்றத்திலிருந்து விலக வேண்டாம், இடைவெளியில் வேறு யாராவது ஏறிவிடுவார்கள். டிஸ்கோட் சர்வர் உங்கள் பெயரில் இருந்தால் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். அதைச் செய்யாமல் கணக்கை அழிக்கப் போனால் டிஸ்கோட்டே விடாது. உரிமையை மாற்றும் வழி சர்வர் அமைப்புகளில் உறுப்பினர் பட்டியலுக்குள் இருக்கிறது. நம்பிக்கையான ஆளின் பெயரைத் தெரிவுசெய்து உறுதிப்படுத்தினால் உடனே மாறிவிடும். திருப்பிக் கேட்டு வாங்கும் பொத்தான் எதுவும் கிடையாது, அவராகத் தந்தால்தான் உண்டு.